முதல் புது பைக் வாங்குபவர்களுக்கு: ஆன்ரோடு விலைக்குள் இருக்கும் செலவுகள், முழுமையான வழிகாட்டி

புதிதாக பைக் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் போகிறார்கள். முதலில் வண்டி, அடுத்து நிறம், அதே நாளில் அட்வான்ஸ், பிறகு லோன், கடைசியில்தான் கொட்டேஷன். அட்வான்ஸ் கைமாறிய பிறகு எந்தத் தொகையைக் கேள்வி கேட்டாலும் "எல்லாருக்கும் இதே ரேட்தான் சார்" என்பதுதான் பதிலாக வரும். கீழே அதே வேலைகள் வேறு வரிசையில் இருக்கின்றன. கணக்குகள் எல்லாம் தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்குப் பதிவாகும் பெட்ரோல் பைக்குக்கு.

வண்டியின் விலை மட்டும் எக்ஸ்-ஷோரூம் விலை; சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து வண்டி சாலைக்கு வர ஆகும் மொத்தம் ஆன்ரோடு விலை. எக்ஸ்-ஷோரூம் விலைக்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பணம் யாருக்குப் போகிறது? அரசு, இன்சூரன்ஸ் கம்பெனி, கடன் கொடுப்பவர், ஷோரூம் என்று நான்கு பதில்கள்தான் உண்டு. முதல் மூவரும் தங்கள் பெயரில் ரசீதோ பாலிசியோ ஒப்பந்தமோ தருவார்கள். அப்படி எந்தத் தாளும் இல்லாத தொகை ஷோரூமுக்குப் போகிறது, அதைப் பேசிக் குறைக்கலாம்.

1. ஷோரூமுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

லைசென்ஸ் முதலில். கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். வண்டியை வாங்கிவிட்டு எல்எல்ஆருக்கு விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்கு மேல் வண்டி வீட்டில் நிற்கும், ஈஎம்ஐ மட்டும் ஓடும். மத்திய விதிப்படி எல்எல்ஆருக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. இதன்மேல் சிறிய சேவைக் கட்டணங்கள் உண்டு. டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போனால் அவர்கள் கட்டணம் தனி. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

முகவரிச் சான்று அடுத்தது. ஆதாரில் ஊர் முகவரி, வேலை சென்னையில் என்றால், எந்த ஆர்டிஓ எல்லையில் பதிவு செய்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். ஷோரூம் ஓரிடம், பதிவு வேறிடம் என்றால் தற்காலிகப் பதிவு, கூடுதல் அலைச்சல் என்று செலவு கூடலாம்.

புதுச்சேரியை ஒட்டிய கடலூர், விழுப்புரம் பக்கத்தில் "அங்கே பதிவு செய்தால் வரி குறைவு" என்ற யோசனை அடிக்கடி வரும். அங்கே பதிவு செய்ய அந்த ஊர் முகவரி வேண்டும். பதிவு செய்த வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி இங்கே பதிவை மாற்ற வேண்டும், இங்குள்ள வரியையும் கட்ட வேண்டும். இங்கேயே குடியிருந்து வண்டி ஓட்டுபவருக்கு இதில் மிச்சம் எதுவும் கிடைக்காது.

2. பட்ஜெட்டைப் பின்னாலிருந்து போடுங்கள்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, 350 சிசியைத் தாண்டினால் 40 சதவீதம். கொட்டேஷனில் வண்டி விலைக்குக் கீழே "ஜிஎஸ்டி" என்று தனியாக ஒரு தொகை சேர்த்திருந்தால், மேலே இருப்பது வரிக்கு முந்தைய விலைதானா என்று கேளுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையின் மேல் மறுபடி ஜிஎஸ்டி வராது.

தோராயமாக, எக்ஸ்-ஷோரூம் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரியிலும் இன்சூரன்ஸிலும் கூடும். 95,000 ரூபாய் வண்டி 1,12,000-லிருந்து 1,14,000 ரூபாய்க்குள் வெளியே வர வேண்டும். கையில் மொத்தம் 1,20,000 ரூபாய் இருந்தால் பார்க்க வேண்டிய வண்டியின் எக்ஸ்-ஷோரூம் விலை 95,000-ஐ ஒட்டித்தான். மீதி ஹெல்மெட்டுக்கும் முதல் சர்வீஸுக்கும் பெட்ரோலுக்கும் வேண்டும்.

சிறிய விலை வித்தியாசம் பெரிய செலவாக மாறும் இடங்கள் இரண்டு. அவை தெரியாமல் வேரியன்ட் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஒன்று, ஒரு லட்சம் என்ற கோடு. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது பைக்கின் ஆயுட்கால வரி, விலை ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 12. அதனால் 99,900 ரூபாய் வண்டிக்கு வரி 9,990, 1,00,100 ரூபாய் வண்டிக்கு 12,012. விலையில் 200 ரூபாய் வித்தியாசம் வரியில் 2,022 ரூபாய் ஆகிறது. புளூடூத் டிஸ்பிளே உள்ள வேரியன்ட் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது என்றால் அந்த டிஸ்பிளேயின் உண்மையான விலை இந்த வரியையும் சேர்த்ததுதான்.

இரண்டு, 150 சிசி என்ற கோடு. கட்டாயத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 150 சிசியைத் தாண்டியதும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. யமஹா எஃப்இசட் 149 சிசி, அதே கம்பெனியின் ஆர்15 155 சிசி, ஹோண்டா யூனிகார்ன் 162.7 சிசி. முதல் வண்டி ஒரு ஸ்லாப், மற்ற இரண்டும் அடுத்த ஸ்லாப். ஐந்தாண்டு பிரீமியத்தில் வித்தியாசம் ஜிஎஸ்டியோடு 4,100 ரூபாய்க்கு மேல்.

3. கொட்டேஷனை வரிவரியாக எழுதி வாங்குங்கள்

"ஆன்ரோடு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். அதை ஏற்காதீர்கள். எக்ஸ்-ஷோரூம், சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், மற்றவை என்று பிரித்து, ஷோரூம் பெயர் உள்ள தாளில் தேதியோடு கேளுங்கள். இரண்டு ஷோரூம்களிலாவது வாங்குங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையும் வரியும் ஒரே மாநிலத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் எந்த இனத்தில் தொகை ஏறியிருக்கிறது என்பது உடனே தெரியும்.

ஆடி மாதத்தில் விற்பனை மந்தமாக இருப்பதால் ஷோரூம்கள் இறங்கி வருவார்கள். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் கம்பெனி ஆஃபர் இருக்கும், ஆனால் கூட்டத்தில் யாரும் உங்களுக்கு வரிவரியாக விளக்க மாட்டார்கள். நாள் பார்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் கொட்டேஷனை ஆடியிலேயே வாங்கிப் பேசி முடித்துவிட்டு, டெலிவரியை மட்டும் நல்ல நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. அரசுக்குப் போகும் பணம்

கொட்டேஷனில் "ரிஜிஸ்ட்ரேஷன்" அல்லது "ஆர்டிஓ" என்று மொத்தமாக ஒரு தொகை இருக்கும். அதைப் பிரித்தால்தான் கணக்கு புரியும்.

சாலை வரி மேலே சொன்ன 10 அல்லது 12 சதவீதம். பைக்குக்குப் பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஆர்சி (பதிவுச் சான்று) ஸ்மார்ட் கார்டுக்கு 200. லோன் போட்டால் ஆர்சியில் கடன் கொடுத்தவர் பெயரை ஏற்ற 500. இவற்றோடு சாலைப் பாதுகாப்பு வரி, மாநிலச் சேவைக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் சேரும். ஆக 95,000 ரூபாய் வண்டியை லோனில் எடுத்தால் அரசுக்குப் போவது 9,500 வரியும் ஏறக்குறைய 1,000-லிருந்து 1,500 ரூபாய் வரை மற்ற கட்டணங்களும். கொட்டேஷனில் இந்த மொத்தத் தொகை 13,500 என்று இருந்தால் மேலே நிற்கும் 2,500-க்குக் காரணம் கேளுங்கள்.

"ஆர்டிஓவில் கொடுக்க வேண்டியிருக்கு" என்ற பதில் வந்தால் அமைதியாக ஒன்றே சொல்லுங்கள்: "வாகன் ரசீது கொடுங்கள், அதில் இருக்கும் தொகையைத் தருகிறேன்." வரியும் கட்டணமும் அரசின் வாகன் என்ற இணையதளத்தில் ஆன்லைனில்தான் கட்டப்படுகின்றன. எந்த இனத்துக்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக அச்சாகும். விண்ணப்ப எண் உங்கள் மொபைலுக்கு எஸ்எம்எஸ் ஆக வரும், அதை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதனால் பதிவுக்குக் கொடுக்கும் மொபைல் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். சேல்ஸ்மேன் எண்ணோ ஏஜென்ட் எண்ணோ போட்டுவிட்டால் பின்னால் எல்லா ஓடிபியும் அவருக்குப் போகும்.

கூட்டினால் ராசி எண் வரும் நம்பர் வேண்டும் என்றால் ஃபேன்சி நம்பருக்கு அரசுக்குத் தனிக் கட்டணம், தனி ரசீது. வரிசையில் வரும் சாதாரண நம்பருக்கு எந்தக் கட்டணமும் கிடையாது.

ஹை செக்யூரிட்டி நம்பர் பிளேட்டை 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே வண்டியோடு தர வேண்டும். அதற்குத் தனி பில் போட்டால் கேள்வி கேளுங்கள். பிளேட்டைச் சுற்றி மாட்டும் பிரேமுக்கும் அரசுக்கும் சம்பந்தமில்லை.

5. இன்சூரன்ஸ்: நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி

புது பைக் பாலிசியில் மூன்று பகுதிகள் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இரண்டாம் ஆண்டில் நஷ்டம் வரும்.

தேர்ட் பார்ட்டி: மற்றவருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்துக்கானது. 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்தாண்டு மொத்தமாகக் கட்ட வேண்டும். பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது, எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி ஐந்தாண்டுக்கு 75 சிசிக்கு மேல் 150 வரை 3,851 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 7,365, அதற்கு மேல் 15,117. இதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

ஓன் டேமேஜ்: உங்கள் வண்டிக்கான சேதமும் திருட்டும். இதை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். இங்கேதான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். வண்டியின் மதிப்பு, அதாவது ஐடிவி, புது வண்டிக்கு எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். 95,000 ரூபாய் வண்டிக்கு 90,250. 150 சிசி வரையிலான வண்டிக்குச் சென்னையில் பழைய டாரிஃப் (பொதுக் கட்டணப் பட்டியல்) விகிதம் 1.708 சதவீதம், அதன்படி 1,541 ரூபாய். கம்பெனிகள் இதிலிருந்து தள்ளுபடி தருவார்கள். பிரீமியம் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் ஐடிவியைப் பாருங்கள். அதைக் குறைத்துப் போட்டிருந்தால் வண்டி திருடுபோகும்போது கிடைக்கும் தொகையும் குறையும்.

பெர்சனல் ஆக்சிடென்ட்: ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் பாதுகாப்பு. இது கட்டாயம். ஆனால் அதே அளவுக்கு வேறு விபத்துப் பாலிசி ஏற்கெனவே உங்களுக்கு இருந்தால் மறுபடி எடுக்கத் தேவையில்லை, எழுதிக் கொடுத்தால் போதும். ஷோரூம் பாலிசியில் இது ஒரு வருடத்துக்கா ஐந்து வருடத்துக்கா என்று பாருங்கள், தொகை அங்கே ஏறும்.

மூன்றையும் சேர்த்து, 95,000 ரூபாய் 125 சிசி வண்டிக்கு ஜிஎஸ்டியோடு 6,800 ரூபாயை ஒட்டி வர வேண்டும். ஷோரூம் 9,000 என்றால் என்னென்ன ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர், சேர்த்திருக்கிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள்.

ஆட்-ஆன்களில் முதல் வண்டிக்கு எடுக்க வேண்டியது ஜீரோ டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கவர், பேச்சுவழக்கில் பம்பர்-டு-பம்பர். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் பாதி விலையைத்தான் தருவார்கள். இன்றைய பைக்கில் வெளியே தெரிவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். பழகும் காலத்தில் வண்டி கீழே விழுந்தால் முதலில் உடைவதும் அதுதான். மற்ற ஆட்-ஆன்களை முதல் வண்டிக்குத் தயங்காமல் தவிர்க்கலாம்.

ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. டீலர்கள் வழியாக விற்கும் பாலிசிகளுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017-ல் கொண்டுவந்த நெறிமுறை அதைத் தெளிவாகத் தடுக்கிறது. வெளியே ஒரு விலை எடுத்துக்கொண்டு போய் "இதே கவரேஜுக்கு இவ்வளவுதான் வருகிறது" என்று காட்டினால் பல ஷோரூம்கள் அங்கேயே குறைத்துவிடுவார்கள். வெளியே எடுப்பதானால் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் கிடைத்த பிறகே எடுக்க முடியும். பாலிசி இல்லாமல் பதிவு நடக்காது, அதனால் வண்டி ஒதுக்கிய அன்றே எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

புதியவர்களுக்கு அதிக இழப்பைத் தரும் தவறு இரண்டாம் ஆண்டில் நடக்கிறது. பாலிசியில் ஐந்து வருடம் கழித்து வரும் தேதியைப் பார்த்துவிட்டு "இன்சூரன்ஸ் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தேதி தேர்ட் பார்ட்டிக்கு மட்டும். ஓன் டேமேஜ் முதல் ஆண்டோடு முடிந்திருக்கும். பதினான்காம் மாதம் வண்டி திருடுபோனால் ஒரு ரூபாய்கூட வராது, போலீஸ் பிடித்தாலும் அபராதம் கிடையாது என்பதால் குறை இருப்பதே தெரியாது. ஓன் டேமேஜ் முடியும் தேதியை மொபைலில் நினைவூட்டலாகப் போடுங்கள். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், உண்டு, முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

6. கடன்: ஈஎம்ஐயைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

"பத்து பர்சென்ட் வட்டிதான்" என்றால் அடுத்த கேள்வி: பிளாட் வட்டியா, குறையும் நிலுவை மேல் வட்டியா?

80,000 ரூபாய்க் கடன், 36 மாதம், பிளாட் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருட வட்டி 24,000, மொத்தம் 1,04,000, ஈஎம்ஐ 2,889. பிளாட் முறையில், நீங்கள் ஏற்கெனவே திருப்பிக் கட்டிய அசலுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. இதே ஈஎம்ஐ குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 18 சதவீதம். வங்கி ஒன்று 12 சதவீதம் என்று சொன்னால் அது பிளாட் பத்தைவிட நிறையவே மலிவு.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் கடன் கொடுப்பவர் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்ற தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டியோடு எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். கையெழுத்துக்கு முன் கேளுங்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கச் சொல்லவும் உரிமை உண்டு.

அடுத்து, கையில் வராத பணம். 80,000 ஒப்புதலாகும், ஆனால் பிராசசிங் ஃபீஸ், டாக்குமென்ட் சார்ஜ், முத்திரைத் தீர்வை, லோன் இன்சூரன்ஸ் என்று 3,500 கழிந்து ஷோரூமுக்கு 76,500 போகும். அந்த 3,500-ஐ நீங்கள் டவுன் பேமென்டில் கூட்டித் தர வேண்டும். வட்டியோ 80,000-க்கும் ஓடும். சில இடங்களில் முதல் ஈஎம்ஐயை அட்வான்ஸாகப் பிடிப்பார்கள், அப்போது உண்மையான கடன் இன்னும் குறைவு. லோன் இன்சூரன்ஸ் வேண்டாம் என்றால் விண்ணப்பத்திலேயே வேண்டாம் என்று எழுதுங்கள், பிறகு எடுப்பது கடினம்.

ஈஎம்ஐ தேதியைச் சம்பளத் தேதிக்கு மூன்று நான்கு நாள் தள்ளி வையுங்கள். ஒரு தடவை பவுன்ஸ் ஆனால் கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம், உங்கள் வங்கி ஒரு கட்டணம், கூடவே சிபில் ஸ்கோரில் அடி. வெற்றுத் தாளிலும் தொகை எழுதாத ஆட்டோ டெபிட் படிவத்திலும் கையெழுத்து வேண்டாம்.

வீட்டில் நகை இருந்து, கடன் சிறியதாக இருந்தால் வங்கி நகைக்கடனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டி பெரும்பாலும் குறைவு, ஆர்சியில் கடன் பதிவும் ஏறாது. ஆனால் கெடு தவறாமல் மீட்க முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும்.

7. ஷோரூம் தானாகச் சேர்க்கும் தொகைகள்

ஹேண்டிலிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், ஃபெசிலிடேஷன், டாக்குமென்டேஷன் என்று பெயர் மாறும். வண்டியை ஷோரூம் வரை கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தொகையை முழுவதுமாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பாதியில் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆக்சஸரீஸ் "கிட்" என்று 4,000, 6,000 என்று மொத்தமாக வரும். பொருள்வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அதில் சாரி கார்டும் பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடியும் இருந்தால் அவை ஆக்சஸரீஸ் அல்ல. பின்சக்கரத்தில் பாதியளவாவது மறைக்கும் தடுப்பு, நிரந்தரக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை மூன்றும் இரண்டு பேர் போகும் வண்டியில் இருந்தே ஆக வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 123.

லெக் கார்டு பழகுபவருக்கு உண்மையிலேயே பயன்படும், எடுத்துக்கொள்ளுங்கள். சீட் கவர், டேங்க் கவர், கிரிப், மட் ஃப்ளாப் எல்லாம் வெளியே ஆக்சஸரீஸ் கடையில் மலிவு. டெஃப்லான் கோட்டிங் புது பெயின்ட்டுக்கு வேண்டாம். வெளியே வாங்கக்கூடாதது ஒன்று உண்டு: ஒயரை வெட்டி மாட்டும் ஹாரன், எக்ஸ்ட்ரா லைட், அலாரம். ஒயரிங்கில் கை வைத்த வண்டிக்கு எலெக்ட்ரிக்கல் வாரன்டி மறுக்கப்படும்.

ஹெல்மெட்: வண்டி வாங்கும்போது ஐஎஸ்ஐ தர ஹெல்மெட்டைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று விதி 138 சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தினமும் போடும் ஹெல்மெட்டை அளவு பார்த்து நீங்களே வாங்குவது நல்லது. கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், அபராதம் 1,000 ரூபாய். ஆகவே இரண்டு ஹெல்மெட்டுக்கான பணத்தைப் பட்ஜெட்டில் வையுங்கள்.

8. முழுப் பணத்துக்கு முன் வண்டியைப் பாருங்கள்

இந்த வரிசைதான் மிக முக்கியம். உங்கள் பெயரில் பதிவான பிறகு அந்த சேஸிஸ் உங்களுடையது. டேங்கில் கீறல் இருந்தாலும் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள், டச்-அப் மட்டும் கிடைக்கும். அதனால் இன்வாய்ஸ் போடும் முன் உங்களுக்கு ஒதுக்கிய வண்டியையே காட்டச் சொல்லுங்கள், பகல் வெளிச்சத்தில்.

ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டின் அருகே சேஸிஸ் எண் பொறித்திருக்கும். எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டில் எஞ்சின் எண் இருக்கும். இரண்டையும் போட்டோ எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025-ம் ஆண்டு 23-ம் வாரம் தயாரானது. ஓடோமீட்டர் சில கிலோமீட்டருக்கு மேல் காட்டக்கூடாது. அதிகம் ஓடியிருந்தால் டெஸ்ட் டிரைவ் வண்டியா என்று கேளுங்கள்.

தயாரிப்பு மாதம், தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22-ல் இருக்கும், ஆர்சியிலும் ஏறும். ஜனவரியில் வாங்கும் வண்டி போன வருடத் தயாரிப்பாக இருந்தால், விற்கும்போது ஒரு வருடப் பழைய வண்டியாகத்தான் மதிப்பிடுவார்கள். எடுக்கலாம், ஆனால் அந்த இழப்பை இப்போதே விலையில் கழித்துக் கேளுங்கள்.

எல்லாம் சரி என்றால் பணத்தை ஷோரூம் கம்பெனிக் கணக்குக்குச் செலுத்துங்கள், சேல்ஸ்மேனின் சொந்த ஜிபேவுக்கு அனுப்பாதீர்கள். அட்வான்ஸ் ரசீதிலேயே மாடல், நிறம், பேசிய விலை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்குங்கள்.

9. டெலிவரி அன்று

எலுமிச்சம்பழம் வைக்கும் முன் இவற்றை வாங்கிவிடுங்கள்: வரி இன்வாய்ஸ், வாகன் ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி, சர்வீஸ் புக், டூல் கிட், இரண்டு சாவி. இரண்டாவது சாவியை "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று விடாதீர்கள். திருட்டு கிளெய்மில் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும்.

பாலிசியில் பெயர், சேஸிஸ் எண், எஞ்சின் எண், நாமினி பெயர் நான்கையும் நீங்கள் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துப் பிழையை இன்று திருத்துவது எளிது, விபத்துக்குப் பிறகு கஷ்டம்.

பதிவு இல்லாமல் வண்டியை டெலிவரி கொடுக்க டீலருக்கு அனுமதியில்லை. "நம்பர் நாளைக்கு வந்துடும், வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்றால் நாளையே வந்து எடுங்கள். ஆர்சி கார்டு தபாலில் வீட்டு முகவரிக்கு வரும். அதுவரை டிஜிலாக்கரில் உள்ள ஆர்சி செல்லும்.

டேங்கில் பங்க் வரை போகும் அளவுக்குத்தான் பெட்ரோல் இருக்கும். முதல் ஃபில்லுக்கு ஆயிரம் ரூபாய் தனியாக வையுங்கள்.

ரசீதைவிட அதிகம் வாங்கியிருந்தால் முதலில் ஷோரூம் மேனேஜருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்சூரன்ஸை வற்புறுத்தித் திணித்திருந்தால் ஐஆர்டிஏஐ எண் 155255. வரிவரியான கொட்டேஷன் கையில் இருந்தால்தான் இந்தப் புகார்கள் நிற்கும்.

10. முதல் ஆண்டின் செலவு

"ஃப்ரீ சர்வீஸ்" என்றால் கூலி மட்டும் ஃப்ரீ. ஆயில், ஃபில்டர், மற்ற பொருள்களுக்கு நீங்கள் தர வேண்டும். வண்டியைப் பொறுத்து ஒரு தடவைக்கு 500-லிருந்து 1,500 ரூபாய் வரை எதிர்பாருங்கள். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500-லிருந்து 1,000 கிலோமீட்டருக்குள். கிலோமீட்டரோ நாளோ எது முன்னால் வருகிறதோ அதுதான் கெடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டி ஓடவே இல்லை என்றாலும் நாள் தாண்டினால் வாரன்டிக்குச் சிக்கல். புது எஞ்சினில் உராய்ந்து வரும் உலோகத் துகள் முதல் ஆயிலில்தான் சேரும், ஆகவே இந்த ஆயில் மாற்றத்தைத் தள்ளிப் போடவே கூடாது.

பில்லில் எஞ்சின் டீகார்பன், ஃப்யூல் அடிட்டிவ் என்று எழுதினால் சர்வீஸ் புக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள். புக்கில் இல்லாததை முதல் ஆண்டில் செய்ய வேண்டியதில்லை. வண்டியை விடும்போதே எஸ்டிமேட் வாங்கி, "கேட்காமல் எதுவும் சேர்க்க வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

செயின் திறந்திருக்கும் வண்டி என்றால் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து செயின் லூப்ரிகன்ட் போடுங்கள். கிளீனரும் ஸ்ப்ரேயும் சில நூறு ரூபாய். விட்டுவிட்டால் செயின் ஸ்ப்ராக்கெட் செட்டையே சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்.

மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிடைத்தால் பெட்ரோலுக்கு 2,000 ரூபாயை ஒட்டி ஆகும். ஈஎம்ஐ கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் பாருங்கள். புகைச் சான்று முதல் ஆண்டு தேவையில்லை. பதிவாகி ஒரு வருடம் முடிந்ததும் எடுக்க வேண்டும், பிஎஸ்-6 வண்டிக்கு ஒரு வருடம் செல்லும். ஓன் டேமேஜ் புதுப்பிப்பும் அதே நேரத்தில்தான் வரும், இரண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

கடைசி ஈஎம்ஐ கட்டிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கடன் கொடுத்தவரிடம் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), கடன் பதிவை நீக்குவதற்கான கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியிலிருந்து அவர்கள் பெயரை நீக்க விண்ணப்பியுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கடன் முடிந்திருந்தாலும் வண்டியை விற்க முடியாது, வண்டி முழுவதுமாகச் சேதமானால் வரும் டோட்டல் லாஸ் கிளெய்ம் பணமும் அவர்களைத் தாண்டி உங்களுக்கு வராது. என்ஓசிக்குக் கெடு தேதி இருக்கும், வந்த வாரமே செய்துவிடுங்கள்.